தூங்காம ஓட்டுறதுதான் தயாரிப்பா? (கொஞ்சம் காரமா ஒரு பதிவு)



ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒட்டடை பிடிச்சுக் கிடந்தது. இன்னமும் வந்து எட்டிப் பார்க்கிற நாலஞ்சு பேருக்கு ஒரு கும்பிடு. வழக்கமா கரிசல், மழை, கடலை மிட்டாய்னு எதையாவது எழுதிட்டுப் போறவன், இன்னிக்குச் சண்டை போட வந்திருக்கேன். யார்கூடன்னு கேட்டா, பாதி என் கூட்டாளிங்ககூட. மீதிப் பாதி என்கூடவே.

முதல்ல கதைச் சுருக்கம். கோவில்பட்டியிலேர்ந்து நாங்க ஆறு பேர் வடக்கே இமயமலைப் பக்கம் நடக்கிற ஒரு மவுண்டன் பைக் பந்தயத்துக்குத் தயாராகிட்டு இருக்கோம். ஆறு நாள். தினமும் அறுபது எழுபது கிலோமீட்டர். பாதிக்கு மேல கல்லும் மண்ணுமான பாதை. நம்ம நாட்டுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. 2005-லேயே இமாச்சலப் பிரதேசத்துல எம்.டி.பி. ஹிமாலயான்னு பல நாள் பந்தயம் ஆரம்பிச்சாச்சு. அதுக்கு முந்தின வருஷம் தென்னாப்பிரிக்காவுல கேப் எபிக் ஆரம்பிச்சது, அது எட்டு நாள். நாங்கதான் லேட்டு. எங்க ஆறு பேருல ஒருத்தர் வாத்தியார், ஒருத்தர் தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுறவர், ரெண்டு பேர் கடை வச்சிருக்காங்க, ஒருத்தன் இருபத்தி நாலு வயசுப் பையன், அப்புறம் நான். நான்தான் சீனியர். வயசுல மட்டும். :-)

இனி சண்டைக்கான காரணம்.

போன மாசம் குரூப்புல ஒரு யோசனை வந்தது. "முப்பத்தாறு மணி நேரம் தூங்காம ஓட்டிப் பாப்போம். அதைத் தாங்கிட்டா எந்த மலையையும் தாங்கலாம்." எல்லாரும் கட்டை விரலைத் தூக்கினோம். நானும்தான். சனிக்கிழமை காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பி, கன்னியாகுமரி போய்த் திரும்பி, ஊருக்குள்ள நுழையாம அப்படியே மதுரைக்குப் போய்த் திரும்பணும். எல்லாம் நாலுவழிச்சாலை. (மலைப் பந்தயத்துக்கு நாலுவழிச்சாலையில என்ன பயிற்சின்னு யாரும் கேட்கலை. அப்பவே கேட்டிருக்கணும்.)

ராத்திரி ரெண்டே முக்கால் இருக்கும். கயத்தாறு தாண்டிட்டோம். எனக்கு முன்னால அந்தப் பையன் போயிட்டிருக்கான். அவனோட பின்விளக்கு கொஞ்சம் கொஞ்சமா இடது பக்கம் நகருது. ஏதோ குழியைத் தவிர்க்கிறான்னு நினைச்சேன். அது நகர்ந்துகிட்டே போச்சு. தார் முடிஞ்சு, மண்ணு முடிஞ்சு, பள்ளத்துல இருந்த சீமைக்கருவேல முள்ளுக்குள்ள போய் விளக்கு நின்னுது. பிரேக் பிடிச்ச சத்தமே கேட்கலை. விழுந்த பிறகுதான் அவன் முழிச்சான்.

காறை எலும்பு முறிஞ்சிருந்தது. முகமெல்லாம் முள்ளு. அவ்வளவுதான். "அவ்வளவுதான்"னு நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இடது பக்கம் சாஞ்சான். வலது பக்கம் சாஞ்சிருந்தா இது இரங்கல் பதிவா இருந்திருக்கும்.

எங்களைப் பார்த்து ஒரு லாரிக்காரர் வண்டியை ஓரங்கட்டினார். தண்ணி கொடுத்தார். டார்ச் அடிச்சுப் பையனோட தோளைப் பார்த்தார். அப்புறம் எங்க ஹெல்மெட்டு, இறுக்கமான டிராயரு எல்லாத்தையும் ஒரு பார்வை பார்த்துட்டுக் கேட்டார்:

"எங்கய்யா போறீங்க இந்நேரத்துல?"

"பயிற்சி அண்ணாச்சி. பந்தயத்துக்கு."

"பந்தயத்துல ராத்திரியும் ஓட்டணுமோ?"

"இல்ல. அங்க பகல்ல மட்டுந்தான்."

"பெறகு எதுக்குத் தூங்காம கெடக்கீக?"

பதில் இல்ல.

"தூங்காம இருக்கத்தான் பயிற்சின்னா எங்ககூட வண்டியில வாங்க. பேட்டாவாவது கெடைக்கும்."

மனுஷன் கிண்டலாத்தான் சொன்னார். ஆனா எங்க ஆறு பேருக்கும் தோணாத கேள்வியை ரெண்டே நிமிஷத்துல கேட்டுட்டார். ஆறு நாள் பந்தயத்துல ஆறு ராத்திரியும் கூடாரத்துல தூங்கத்தான் போறோம். சாயங்காலம் முடிஞ்சா மறுநாள் காலையிலதான் கொடி. பிறகு எதுக்கு?

காலையில குரூப்பைத் திறந்தா, "மாஸ்", "வெறித்தனம்", "இதான்டா டெடிகேஷன்". கட்டு போட்ட தோளோட பையன் போட்டோ போட்டிருக்கான், அதுக்குக் கீழே புஜம் புஜமா பொம்மை. ரெண்டே முக்கால் மணிக்கு அவனை ரோட்டுல விட்டது யாருன்னு ஒருத்தரும் கேட்கலை.

ஆஸ்பத்திரியில நான் கேட்டேன். "ஏலே, தூக்கம் வந்தா சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படி அண்ணாச்சி சொல்ல? உங்க ராமேஸ்வரம் பதிவைப் படிச்சுத்தான் எனக்கு இந்த வெறியே வந்துச்சு."

செருப்பால அடிச்ச மாதிரி இருந்தது.

பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். போன வருஷம் விளாத்திகுளம், வேம்பார், சாயல்குடி வழியா ராமேஸ்வரம் போய்த் திரும்பினதை இங்க எழுதியிருந்தேன். "முப்பது மணி நேரம் கண்ணை மூடலை"ன்னு அதுல ஒரு வரி. அந்த வரிக்குத்தான் நிறையப் பாராட்டு வந்தது. அந்தப் பதிவுல ஒண்ணை நான் எழுதலை. திரும்பி வரும்போது, சாயல்குடிப் பக்கம், விடியறதுக்கு முன்னால, ரோட்டை மறிச்சு ஒரு ஆட்டுக் கிடையே நின்னுது. பதறிப் பிரேக் போட்டேன். பின் சக்கரம் வழுக்கிச்சு. காலை ஊனி நின்னு பார்த்தா ஆடும் இல்ல, ஆட்டுக்காரனும் இல்ல. வெறும் ரோடு. அப்போ பின்னால ஒரு வண்டி வந்திருந்தா? இதை எழுதினா வீரம் குறைஞ்சிடும்னு விட்டுட்டேன். நான் விட்ட அந்த வரிதான் கயத்தாறுல பையனை முள்ளுக்குள்ள தள்ளிச்சு. இந்தப் பதிவு அதுக்கான பரிகாரம்னே வச்சுக்கோங்க.

சரி, இனி மேட்டருக்கு வருவோம்.

தூங்காம சைக்கிள் ஓட்டுறதைக் கைதட்டிப் பார்க்கிறது நமக்கு இன்டர்நெட் சொல்லிக் கொடுத்தது இல்ல. என் வயசுக்காரங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஊர்ப் பொட்டல்ல கம்பு நட்டு, வட்டம் போட்டு, குழாய் ரேடியோ கட்டி, ஒருத்தர் சைக்கிள்ல சுத்துவார். ஏழு நாள், கால் தரையில படாம. சைக்கிள்லேயே குளிப்பார், சாப்பிடுவார், சட்டை மாத்துவார். நெத்தியில டியூப்லைட் உடைப்பாங்க. சனம் சட்டையில ரூபா நோட்டைக் குத்தும். நான் நாலாவதோ அஞ்சாவதோ படிக்கும்போது எங்க ஊருக்கு அப்படி ஒருத்தர் வந்தார். எனக்கு அவர்தான் சாமி.

மூணாம் நாள் ராத்திரி, ஒண்ணுக்குப் போக எந்திரிச்சவன் பொட்டல் பக்கம் எட்டிப் பார்த்தேன். கூட்டமெல்லாம் கலைஞ்சு போச்சு. ரேடியோ அமத்தியிருக்கு. சைக்கிளைக் கம்பத்துல சாய்ச்சு வச்சு, கூட வந்த ஆளு ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். நம்ம சாமி அவர் தோள்ல தலையைச் சாய்ச்சு நல்லாத் தூங்குறார். அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு, ஏமாத்திட்டானேன்னு. இப்போ யோசிச்சா, பொட்டல்ல இருந்த அத்தனை பேர்லயும் நெடுந்தூரம்னா என்னன்னு புரிஞ்ச ஒரே ஆளு அவர்தான். அது அவர் பிழைப்பு. ஏழாம் நாளும் விழாம இருந்தாத்தான் சோறு. அதனால தூங்கினார். நாம நோட்டீஸை நம்பினோம். அவர் உடம்பை நம்பினார்.

இனி கொஞ்சம் கணக்கு. உணர்ச்சிவசப்பட்டுட்டான்னு யாரும் சொல்லிடக் கூடாதில்லையா?

1997-ல 'நேச்சர்' இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. ஆஸ்திரேலியாவுல ட்ரூ டாசன், கேத்ரின் ரீட்னு ரெண்டு பேர் பண்ணினது. ஆட்களைத் தூங்க விடாம வச்சு, கை-கண் ஒருங்கிணைப்பைச் சோதிச்சாங்க. இன்னொரு நாள் அதே ஆட்களுக்கு மது கொடுத்து அதே சோதனை. பதினேழு மணி நேரம் முழிச்சிருந்தவனோட தடுமாற்றம், ரத்தத்துல 0.05 சதவீதம் மது இருக்கிறவனோட தடுமாற்றத்துக்குச் சமம். இருபத்தி நாலு மணி நேரம் ஆனா கிட்டத்தட்ட 0.10.

நம்ம மோட்டார் வாகனச் சட்டத்துல குடிச்சுட்டு ஓட்டுறதுக்கு வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். அதாவது 0.03. எங்க பையன் காலையில நாலு மணிக்கு எந்திரிச்சவன். ரெண்டே முக்காலுக்கு விழும்போது ஏறக்குறைய இருபத்தி மூணு மணி நேரம் முழிப்பு. ஒரு பாட்டிலும் தொடாத பிள்ளை, ஆனா தடுமாற்றம் மட்டும் சட்டம் சொல்ற வரம்பைப் போல ரெண்டு மூணு மடங்கு. இதே பையன் குடிச்சுட்டு நாலுவழிச்சாலையில சைக்கிள் எடுத்தா ஓடிப்போய்ச் சாவியை... சரி, சைக்கிளைப் பிடுங்குவோம்ல? தூங்காம எடுத்தா மட்டும் எதுக்குக் கைதட்டல்? சைக்கிளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுன்னு சொல்வீங்க. ரோட்டுக்கு அது தெரியாதே.

கின்னஸ் புத்தகம் எதுக்கெல்லாமோ சாதனை கொடுக்குது. நகம் வளர்த்தா சாதனை, மீசை வளர்த்தா சாதனை. அவங்களே தூங்காம இருக்கிற சாதனையைப் பதிவு பண்றதை 1997-ல நிறுத்திட்டாங்க. ஆபத்துன்னுதான்.

இப்போ எதிர்த் தரப்பு. நியாயமாப் பேசணும்னா அவங்க வாதத்தையும் சொல்லணும்.

முதல் வாதம்: "பெரிய பெரிய ஆளுங்க தூங்காமத்தானே ஜெயிக்கிறாங்க?" ஆமா. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கிற ராம் பந்தயம், கிட்டத்தட்ட 4,800 கி.மீ. தனி ஆளா ஓட்டுறவங்களுக்குப் பன்னிரண்டு நாள்தான் கெடு. 2017-ல ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத் அதைத் தனியா முடிச்ச முதல் இந்தியர் ஆனார். அதே வருஷம் நாக்பூர் டாக்டர் அமித் சமர்த்தும் முடிச்சார். தூக்கம் கம்மிதான், மறுக்கலை. ஆனா அவங்க பின்னாலயே ஒரு வண்டி விளக்குப் போட்டுக்கிட்டு வரும். எப்போ நிறுத்தணும், எப்போ தூங்க வைக்கணும்னு முடிவு பண்றதுக்கு ஒரு குழுவே கூட இருக்கும். ஸ்லோவேனியாவோட யூரே ரோபிச் அந்தப் பந்தயத்தை அஞ்சு தடவை ஜெயிச்சவர். தூக்கம் கெட்டு, ரோட்டோரத் தபால் பெட்டியை எதிரின்னு நினைச்சு சைக்கிளை விட்டு இறங்கிச் சண்டைக்குப் போவாராம். அப்போ அவருக்குப் பதிலா யோசிக்கிறதுக்கு நாலு கூட்டாளிங்க இருந்தாங்க. நமக்கு யார் இருக்கா? ஹேண்டில்பார்ல மாட்டின செல்போன்.

ரெண்டாவது வாதம்: "பந்தயத்தை விடு, பிரவே ஓட்டுறவன் என்ன பண்ணுவான்?" பிரவேன்னா தெரியாதவங்களுக்கு: குறிப்பிட்ட தூரத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள்ள யார் உதவியும் இல்லாம முடிக்கிற நெடும்பயணம். போட்டி கிடையாது. 400 கி.மீ.க்கு 27 மணி நேரம், 600-க்கு 40 மணி நேரம். சிலேட்டை எடுங்க. மணிக்கு இருபது கி.மீ. ஓட்டுற சாதாரண ஆளுக்கு 600 கி.மீ. ஓட்ட முப்பது மணி நேரம். மீதி பத்து. சாப்பாடு, பஞ்சர், டீக்கடை அரட்டைக்கு அஞ்சு போனாலும் அஞ்சு மணி நேரம் தூங்கலாம். தூங்க நேரம் இல்லைன்னு சொல்றவனுக்கு உண்மையில இல்லாதது வேகம். அதுக்குப் பகல்லதான் பயிற்சி எடுக்கணும்.

மூணாவது வாதம்தான் எனக்கு ரொம்பக் கோபம் வர்ற வாதம்: "என் உடம்பு, என் இஷ்டம். உனக்கென்ன?"

உன் உடம்பு சரி. ரோடு? அன்னிக்கு நின்னு தண்ணி கொடுத்த அந்த லாரிக்காரரையே எடுத்துக்குவோம். பையன் வலது பக்கம் சாஞ்சு அவர் சக்கரத்துல போயிருந்தா, கூட்டம் யாரை அடிச்சிருக்கும்? கேஸ் யார் மேல? வண்டி மாசக்கணக்குல ஸ்டேஷன் வாசல்ல நிக்கும், லைசென்ஸ் போகும், வீட்டுல அடுப்பு எரியாது. செத்தவன் கண்ணு ராத்திரி ராத்திரி வந்து நிக்கும். நம்ம வீரத்துக்குப் பில்லு அவருக்குப் போகும். 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, அஞ்சு மணி நேரத்துக்கு மேல இடைவெளி இல்லாம வேலை வாங்கக் கூடாதுன்னு. லாரி ஓட்டின எத்தனை பேருக்கு அந்த ஓய்வு கிடைச்சதுன்னு ரோட்டோர டீக்கடையில ஒரு ராத்திரி உட்கார்ந்தாத் தெரியும். அவங்க வேற வழியில்லாம முழிக்கிறாங்க. நாம நெட்டுல காட்டிக்க முழிக்கிறோம். அவங்க ஓட்டுற அதே ரோட்டுல.

வழியில்லாம முழிக்கிறதுன்னதும் எங்க அக்கா ஞாபகம் வருது.

எங்க பக்கம் தெரிஞ்சவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். விடியக்காலம் மூணு, நாலு மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸு கிராமம் கிராமமா வரும். பெரியவங்க மட்டும் போகலை. எட்டு வயசு, பத்து வயசுப் பிள்ளைங்களைத் தூக்கக் கலக்கத்துலயே ஏத்தி விடுவாங்க. கட்டை அடுக்க, பெட்டி ஒட்ட. 1986-ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதுக்கு அப்புறமும் பல வருஷம் பஸ் வந்தது. எங்க அக்கா பத்து வயசுலேர்ந்து போனது. என்னை மட்டும் பள்ளிக்கூடம் அனுப்பினாங்க, ஆம்பளப் புள்ளைன்னு. அக்கா தூங்குற நேரத்துக்கு எடுத்து வச்ச காசுலதான் நான் படிச்சேன்னு சொல்லலாம்.

ராமேஸ்வரம் போய் வந்தப்போ பெருமையாச் சொன்னேன், "முப்பது மணி நேரம் தூங்கலைக்கா." அடுப்புப் பக்கமிருந்து திரும்பாமச் சொல்லுச்சு:

"நாங்க எட்டு வருசம் தூங்கலையே தம்பி. எங்களுக்கு ஒருத்தரும் மெடலு தரலையே."

அப்போ சிரிச்சுட்டுப் போயிட்டேன். ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருக்கும்போதுதான் அது உறைச்சது. தூக்கம் கெட்டே ரெண்டு தலைமுறை கருகிப் போன ஊர் இது. அந்த ஊர்ல உட்கார்ந்துகிட்டு, கிடைச்ச தூக்கத்தை நாம அலங்காரத்துக்குத் தூக்கி எறியறோம்.

இன்னொண்ணு. நாம மாட்டுக்குக் கொடுத்த மரியாதையைக் கூட நம்ம உடம்புக்குக் கொடுக்கிறதில்ல. எங்க தாத்தா காலத்துல நேரம் சொல்றதுக்கே "ஏர் அவுக்குற நேரம்"னு ஒரு கணக்கு இருந்தது. வெயில் ஏறினதும் மாட்டை அவுத்து விட்டுருவாங்க. இன்னும் நாலு சால் பாக்கி இருந்தாலும் சரி. அதுக்கு மேல அடிச்சு ஓட்டுறவனை ஊரே ஏசும். அதே மாதிரி மழை பெஞ்ச மறுநாள் கரிசக்காட்டுல யாரும் ஏர் பூட்ட மாட்டாங்க. மண்ணு பதத்துக்கு வரணும். காத்திருக்கத் தெரியாதவன் கரிசல்ல வெள்ளாமை பண்ண முடியாது.

பந்தயத்துக்கும் அப்படித்தான். இந்த வட்டாரத்துல மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்திருப்பீங்க. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் போக வர இத்தனை மைல்னு நோட்டீஸ் அடிப்பாங்க. (பந்தயம் சரியா தப்பாங்கிறது வேற சண்டை. அதை இன்னொரு நாள் வச்சுக்குவோம்.) மாடு வளர்க்கிற எனக்குத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர்கிட்ட, "பந்தயத்துக்கு முந்தின வாரம் என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். "நல்லாத் திங்க விடுவேன், நல்லாப் படுக்க விடுவேன். ஓட்டமெல்லாம் அதுக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சு"ன்னார். பருத்திக்கொட்டை, கம்மாயில நீச்சல், நடை, எல்லாம் மாசக்கணக்குல. கடைசி ராத்திரி முழுக்க மாட்டை முழிக்க வச்சுக் கொண்டு போனா ஜெயிக்கும்னு சொன்னா, என்னைத் தார்க்குச்சியாலயே அடிச்சிருப்பார்.

"அப்போ நீ என்னதான் பண்ணப் போறே?"ன்னு கேப்பீங்க. குறை மட்டும் சொல்லிட்டுப் போறவன் இல்ல. எங்க குரூப்புல மல்லுக்கட்டி, இப்போ இப்படி மாத்தியிருக்கோம்:

1. எங்க ஊர்ல மலை இல்ல, காத்து இருக்கு. ஆனி, ஆடியில மேகாத்து அடிக்கும்போது கோவில்பட்டியிலேர்ந்து கழுகுமலைக்கு, அதாவது மேற்க ஓட்டிப் பாருங்க. கயத்தாறுப் பக்கம் இத்தனை காத்தாலை சும்மாவா நட்டிருக்காங்க? சமதளத்துலயே மூச்சு வாங்கும். நிஜ ஏத்தத்துக்கு மாசம் ஒரு தடவை வத்தலக்குண்டுலேர்ந்து கொடைக்கானல் மலைப்பாதை. பகல்ல.

2. வாராவாரம் ஓட்டுற நேரத்துல ஐந்துல நாலு பங்கு, பக்கத்துல வர்றவன்கூடப் பேசிக்கிட்டே ஓட்டுற வேகம். மீதி ஒரு பங்குதான் நாக்குத் தள்ற வேகம். உலகத் தரத்து நெடுந்தூர வீரர்கள் பலபேரோட பயிற்சிக் கணக்கும் இந்த மாதிரித்தான்னு ஆய்வுகள் சொல்லுது. மெதுவா ஓட்டுறதுக்கு வெட்கப்பட்டுத்தான் நாம கெட்டோம்.

3. கோடையில வெடிச்ச கரிசல்ல, வெடிப்புக்குள்ள முன் சக்கரம் மாட்டாம ஓட்டப் பழகுறோம். இதைவிட நல்ல கைப்பயிற்சி எந்த மலையிலயும் கிடையாது. மழைக்கு அப்புறம் காட்டுப் பக்கமே போறதில்ல. பத்தடி போனா சக்கரம் ரொட்டி மாவு உருட்டின மாதிரி ஆகி நின்னுடும். சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டு வரணும்.

4. கருவேல முள்ளு இருக்கிற வரைக்கும் பஞ்சர் பயிற்சிக்குத் தனியா நேரம் ஒதுக்க வேண்டியதில்ல. :-) ஆனா குளிர்ல விறைச்ச கையால டயரைக் கழட்ட வராது. அதனால கையை ஐஸ் தண்ணியில முக்கி வச்சுட்டுப் பண்ணிப் பார்க்கிறோம். வீட்டுல பைத்தியம்னு சொல்றாங்க.

5. மணிக்கு அறுபது கிராம் மாவுச்சத்தாவது உள்ள போகணும். வாழைப்பழம், வெல்லம், உப்புப் போட்ட நீராகாரம், எது ஒத்துக்குதோ அது. கடலை மிட்டாய் நம்ம ஊர்ச் சரக்கு, 2020-ல புவிசார் குறியீடு வாங்கினது, எனக்கும் உயிர். ஆனா மூச்சு வாங்க ஏறும்போது கடலை சீக்கிரம் செரிக்காது. அதை ஓட்டி முடிச்சுட்டுத் திங்கலாம். வெறும் தண்ணியா வயிறு முட்டக் குடிக்கிறதும் தப்பு. 2002 பாஸ்டன் மாரத்தான்ல ஓடின 488 பேரைச் சோதிச்சதுல 13 சதவீதம் பேருக்கு ரத்தத்துல சோடியம் குறைஞ்சு போயிருந்தது. முக்கியக் காரணம், தேவைக்கு மேல குடிச்சது. "எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது"ங்கிற புத்தி தண்ணியிலயும் ஆளைச் சாய்க்கும்.

6. தூக்கம். 2011-ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல பதினோரு கூடைப்பந்து வீரர்களை அஞ்சாறு வாரம் தினமும் பத்து மணி நேரம் படுக்கையில இருக்கச் சொன்னாங்க. வேற மாயம் ஒண்ணும் இல்ல. ஓட்ட நேரம் 16.2 விநாடியிலேர்ந்து 15.5-க்கு வந்தது. பந்து கூடையில விழுறது ஒன்பது சதவீதம் கூடிச்சு. சின்ன ஆய்வுதான். ஆனா பைசா செலவில்லாத இப்படி ஒரு மருந்தை வேற எந்தக் கடையில விக்கிறாங்க?

எங்க குரூப்புல இப்போ ரெண்டே விதி. முந்தின ராத்திரி ஆறு மணி நேரம் தூங்காதவன் காலையில சைக்கிள் எடுக்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல யாரும் ரோட்டுல இருக்கக் கூடாது. இருட்டுல ஓட்டிப் பழகணுமா? ஏழரைக்குப் படு, மூணு மணிக்கு எந்திரி, விடியற வரைக்கும் ஓட்டு. அதுவும் அதே இருட்டுத்தான்.

விதியைச் சொன்னதும் ஒருத்தர் குரூப்பை விட்டே போயிட்டார். "இது பஜனை மடம் ஆயிடுச்சு"ன்னு சொல்லிட்டுப் போனார். போகட்டும். உசுரோட இருந்தா மறுபடி பேசிக்கலாம்.

கடைசியா, சக பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மள்ல நிறையப் பேர் இப்படி எழுதியிருக்கோம். சைக்கிள், மாரத்தான், பைக்ல லடாக், ஒரே மூச்சுல சென்னை டு பெங்களூரு டு சென்னை. அதுல "தூங்கவே இல்லை"ங்கிற வரியைப் பெருமையாப் போட்டிருப்போம். அதுக்கு அடுத்து நடந்ததைப் போட்டிருக்க மாட்டோம். கண் அசந்து வெள்ளைக்கோட்டைத் தாண்டினது, ஹாரன் சத்தத்துல முழிச்சது, இல்லாத ஆட்டுக்குப் பிரேக் போட்டது. பதிவை அழிக்கச் சொல்லலை. விட்டுப்போன அந்த வரியைச் சேர்த்துடுங்க. இருபத்தி நாலு வயசுல எவனோ ஒருத்தன் அதைப் படிச்சுட்டு இருப்பான்.

என் ராமேஸ்வரம் பதிவுல இன்னிக்குக் காலையில சேர்த்துட்டேன். ஆட்டுக் கிடையை.

பையனுக்குக் கட்டு பிரிக்க இன்னும் ரெண்டு வாரம். நேத்துப் பார்க்கப் போனப்போ, "அண்ணாச்சி, நான் வர்றேனா இல்லையா?"ன்னு கேட்டான். எலும்பு கூடட்டும்லே, டாக்டர் சொல்லட்டும், இந்த வருஷம் இல்லைன்னா அடுத்த வருஷம், மலை எங்க ஓடிடப் போகுதுன்னேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டான். பரவாயில்ல.

டிஸ்கி: இது யாரையும் தனிப்பட்ட முறையில தாக்கி எழுதினது இல்ல. என்னைத் தவிர. திட்டணும்னு நினைக்கிறவங்க தாராளமாத் திட்டலாம், காலையில வந்து படிச்சுப் பதில் சொல்றேன். இப்போ மணி ஒன்பதே முக்கால். படுக்கப் போறேன்.